புதுப்பிப்பு: எண்ணெயை நிறுத்தியதும் டெஸ்டோஸ்டிரோன் குறைந்ததும்

எடை குறைப்பதற்காக எண்ணெயையும் முட்டையையும் அறவே நிறுத்தியபின் சோர்வு மிகுந்து, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் அளவு ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 238 நானோகிராம் என்று குறைவாக வந்ததாக ஆடி மாதம் எழுதியிருந்தேன். பலர் துத்தநாக (ஜிங்க்) மாத்திரை சாப்பிடச் சொன்னீர்கள்.

வேலூரில் நான் பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணிக்கு ரத்தம் கொடுத்தீர்கள் என்பதுதான். பிற்பகல் மூன்று மணிக்கு, அதுவும் ஆற்காட்டு மக்கன் பேடா இரண்டை விழுங்கிவிட்டு! இந்த ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். சர்க்கரை உள்ளே போனதும் ஓரிரு மணி நேரம் தாழும். வெறும் வயிற்றில், காலை ஒன்பதுக்குள், இரண்டு நாள் எடுத்ததில் 301, 318 என்று வந்தது.

ஆகவே குறைவு பாதி பொய், பாதி மெய்: 238 அளவுக்குத் தாழ்வில்லை, ஆனாலும் தாராளமாகவும் இல்லை. டெஸ்டோஸ்டிரோன் கொழுப்பிலிருந்து, அதாவது கொலஸ்ட்ராலிலிருந்து உருவாவது. கொலஸ்ட்ராலை உடலே தயாரித்துக்கொள்ளும் என்றாலும், கொழுப்பை மிகவும் குறைத்த உணவில் ஆண்களுக்கு அளவு சற்றே இறங்குவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. துத்தநாகமோ, குறைபாடு உள்ளவருக்கே பலன் தரும். மிகுந்தால் செம்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். எனக்குக் குறைபாடு இல்லை என்பதால் மாத்திரையைத் தொடவில்லை. சோயாவில் செய்யும் மீல்மேக்கர் ஆண்மையைக் கெடுக்குமா என்று கேட்டவருக்கு: வழக்கமான அளவில் கெடுக்காது.

செக்கு மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெய், தினம் இரண்டு முட்டை, வாரம் இருமுறை மீன் என்று மூன்று மாதம் உண்டபின் 396. ஆனால் அதே சமயத்தில் இராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையில் இரவுப்பணியிலிருந்து பகல்பணிக்கு மாறி ஏழு மணி நேரம் தூங்கத் தொடங்கியதால், உயர்வு முழுவதையும் எண்ணெயின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அடுத்த பரிசோதனை தை மாதம்.