டிவியை மானிட்டராகப் போட்டேன், நாலு ஓரமும் வெட்டுப்படுகிறது. உதவி தேவை

நகரி அச்சுக்கடை:
வணக்கம். ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரியில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். போன வாரம் கரண்ட் போய் வந்ததில் பழைய மானிட்டர் உயிரை விட்டுவிட்டது. அவசரத்துக்கு வீட்டில் இருந்த 32 அங்குல டிவியைத் தூக்கி வந்து எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டினேன். படம் வருகிறது, ஆனால் முழுதாக வரவில்லை. கீழே டாஸ்க்பார் ஒரு கீற்று மட்டும் தெரிகிறது. ஸ்டார்ட் பட்டன் இல்லை. மேலே மூடுகிற பெருக்கல் குறி இல்லை. மவுஸ் அம்பு ஓரத்துக்குப் போனால் உள்ளே ஒளிந்துகொள்கிறது.

மற்றவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. எனக்கு ஒரே பத்திரிகையில் ஒரு பக்கம் தெலுங்கு, மறுபக்கம் தமிழ். இப்போது எந்த மொழி கீபோர்டு ஓடுகிறது என்று காட்டும் எழுத்து வலது கீழ் மூலையில்தான் இருக்கும், அதுவும் போய்விட்டது. ஒரு எழுத்து அடித்துப் பார்த்து, தெலுங்கு வந்தால் அழித்துவிட்டு மாற்றி அடிக்கிறேன். பேஜ் வடிவமைக்கும்போது ஓரத்தில் வரும் ஸ்கேலும் தெரியவில்லை. தெலுங்குக்காரர்களுக்கு சிராவணம் பிறந்ததுமே முகூர்த்தம் தொடங்கிவிடும், நம்மவர்கள் ஆவணிக்குக் காத்திருப்பார்கள். இரண்டு பக்கத்து வேலையும் இப்போது மேசையில் கிடக்கிறது.

கேபிள் மாற்றிப் பார்த்தேன், அதே கதைதான். ரெசல்யூஷன் 1920 x 1080 என்று இருக்கிறது, பக்கத்திலேயே அதுதான் சரி என்றும் போட்டிருக்கிறது. விண்டோஸ் 10. இங்கே ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு "கிராபிக்ஸ் கார்டு போயிந்தி அக்கா" என்றார், அதாவது திரைக்குப் படம் அனுப்பும் அட்டை போய்விட்டதாம். புதுசு வாங்க வேண்டுமாம். வாங்கலாமா?

திருத்தணி ஹார்டுவேர்:
அக்கா, கார்டு வாங்காதீர்கள். முதலில் ஒரு சின்ன சோதனை. பிரிண்ட் ஸ்கிரீன் கீயை அழுத்தி, பெயிண்டில் ஒட்டி, அந்தப் படத்தை உங்கள் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். டிவியில் பார்க்கக்கூடாது, போனில் பார்க்க வேண்டும். போனில் டாஸ்க்பார் முழுதாகத் தெரிந்தால் கம்ப்யூட்டர் முழுப் படத்தைத்தான் அனுப்புகிறது, டிவிதான் வெட்டுகிறது என்று அர்த்தம். நான்கு பக்கமும் ஒரே அளவு வெட்டுப்படுகிறதா, ஒரு பக்கம் மட்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

(ஓரம் வெட்டுப்படுவது நம் ஊர்ப் பக்கத்துக்குப் புதிதா என்ன? 1960-ல் ஆந்திர எல்லையை மாற்றியபோது திருத்தணிக்காரர்கள் நாங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தோம், நகரிக்காரர்கள் நீங்கள் ஆந்திரப் பக்கமே நின்றுவிட்டீர்கள்.)

சத்தியவேடு:
ரெசல்யூஷனைக் குறைத்து 1280 x 720 வையுங்கள். படம் உள்ளே அடங்கிவிடும்.

நகரி அச்சுக்கடை:
தம்பி, போனில் டாஸ்க்பார், ஸ்டார்ட் பட்டன், மொழி எழுத்து எல்லாம் அழகாக முழுதாக இருக்கிறது! டிவியில் நான்கு பக்கமும் போகிறது, ஏறக்குறைய சமமாக. 720 வைத்தும் பார்த்தேன். எழுத்து பெரிதானதுதான் மிச்சம், ஓரம் அப்படியே வெட்டுப்படுகிறது. இன்னொரு விஷயம், கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் தனி கிராபிக்ஸ் கார்டே இல்லை. எச்டிஎம்ஐ நேராக மதர்போர்டில்தான் இருக்கிறது. இல்லாத கார்டு எப்படிப் போனது?

புத்தூர் பழைய மெக்கானிக்:
அம்மா, இதன் பெயர் ஓவர்ஸ்கேன். பழுது இல்லை, வழக்கம். நான் ட்யூப் டிவி காலத்து ஆள், இது எங்கள் காலத்து வழக்கம்தான்.

அந்த டிவிகளில் படத்தின் ஓரம் நேர்கோடாக நிற்காது. வோல்டேஜ் குறைந்தால் படம் சுருங்கி நான்கு பக்கமும் கறுப்பு விளிம்பு தெரியும். செட் பழசாக ஆகவும் அதே கதை. நம் பக்கத்தில் சாயந்திரம் எல்லா வீட்டிலும் விளக்கு போட்டதும் வோல்டேஜ் இறங்கும், "படம் சின்னதாகிவிட்டது" என்று ஆள் அனுப்புவார்கள். அதற்காகவே கம்பெனியில் படத்தை ட்யூபைவிடக் கொஞ்சம் பெரிதாக வைத்துவிடுவார்கள். ஓரத்தில் கொஞ்சம் கண்ணாடிக்கு வெளியே போகும், யாருக்கும் தெரியாது. பின்மூடியைக் கழற்றினால் ஹைட் (உயரம்) என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். டிவிக்கு முன்னால் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வைத்து, அதில் படம் பார்த்தபடி பின்னால் கையை விட்டுத் திருப்புவோம். டிவி நிலையத்துக்காரர்களும் இதை அறிந்துதான் எழுத்துகளை ஓரத்தில் போடாமல் உள்ளே தள்ளிப் போடுவார்கள்.

இப்போது வருவது தட்டை டிவி. அதில் வோல்டேஜால் படம் சுருங்காது. ஆனாலும் அந்தப் பெரிதாக்கும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. எச்டிஎம்ஐ வழியாக 1080 அல்லது 720 வந்தால், பல டிவிகள் சேனல் படம் வருகிறது என்று நினைத்துக்கொண்டு இழுத்துப் பெரிதாக்கிவிடும். 720 வைத்தும் சரியாகாததற்கு இதுதான் காரணம். அதுவும் டிவி அளவுதானே.

திருத்தணி ஹார்டுவேர்:
அண்ணன் சொன்னதற்கு ஒரு கணக்கு. பெரிதாக்குவதில் படத்தின் 5 சதவீதம் வெளியே போகிறது என்று வையுங்கள். அகலத்தில் உள்ள 1920 புள்ளியில் (பிக்சலில்) 96 போகும், பக்கத்துக்கு 48. உயரத்தில் 1080-க்கு 54, மேலும் கீழும் 27. விண்டோஸ் 10 டாஸ்க்பாரின் உயரமே 40 புள்ளிதான். 27 போனால் மிச்சம் 13. நீங்கள் சொன்ன கீற்று அதுதான் அக்கா.

இதை டிவி மெனுவில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கேன், சோனியில் ஃபுல் பிக்சல், சாம்சங்கில் பழையதில் ஸ்கிரீன் ஃபிட், புதியதில் ஃபிட் டு ஸ்கிரீன், பிலிப்ஸில் அன்ஸ்கேல்டு, ஷார்ப்பில் டாட் பை டாட். படம் அல்லது பிக்சர் மெனுவுக்குள் அளவு என்ற இடத்தில் தேடுங்கள்.

நகரி அச்சுக்கடை:
என்னுடையது இந்தப் பெயர் எதுவும் இல்லாத டிவி. அளவு என்ற இடத்தில் 16:9, 4:3, ஜூம் 1, ஜூம் 2 அவ்வளவுதான். 16:9-ல்தான் இருக்கிறது.

சத்தியவேடு:
அப்படியென்றால் கம்ப்யூட்டரிலேயே சுருக்குங்கள். இன்டெல் கிராபிக்ஸ் கமாண்ட் சென்டர் என்ற செயலியில் டிஸ்பிளேவுக்குள் ஸ்கேல் என்பதை கஸ்டம் என்று மாற்றினால் இரண்டு இழுவை வரும். ஓரம் தெரியும் வரை இழுங்கள். என்விடியா கார்டு என்றால் அட்ஜஸ்ட் டெஸ்க்டாப் சைஸ் அண்ட் பொசிஷன் என்று இருக்கும்.

புத்தூர் பழைய மெக்கானிக்:
அது கடைசி வழி தம்பி. கம்ப்யூட்டர் படத்தைச் சுருக்கும், டிவி அதைத் திரும்ப இழுக்கும். ஒரே சட்டையைச் சின்னதாகத் தைத்து, பிறகு இழுத்துப் போட்டுக்கொள்கிற மாதிரி. ஓரம் கிடைக்கும், எழுத்து மங்கிவிடும். சினிமா பார்க்க அது போதும். நாள் முழுக்க பொடி எழுத்து பார்ப்பவர்களுக்குக் கண் போய்விடும்.

திருத்தணி ஹார்டுவேர்:
அக்கா, இன்னொன்று செய்யுங்கள். ரிமோட்டில் சோர்ஸ் பட்டன் அழுத்தினால் வரும் பட்டியலில் உங்கள் எச்டிஎம்ஐ மேல் நின்று, பெயர் மாற்றும் வசதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன் பெயரை பிசி என்று மாற்றுங்கள். வெறும் பெயர்தானே என்று நினைக்காதீர்கள். சில டிவிகளில் அந்தப் பெயரை வைத்ததும் கம்ப்யூட்டர் மாட்டியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு இழுப்பதை நிறுத்திவிடும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்யுங்கள், படம் வராதபோது சில மெனுக்கள் சாம்பல் நிறத்தில் உறங்கும். அது ஆகாவிட்டால் வேறு எச்டிஎம்ஐ துளையில் மாட்டிப் பாருங்கள்.

அதற்குள் அவசர வேலைக்கு, விண்டோஸ் கீயைப் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ்பார் தட்டினால் மொழிப் பட்டியல் வரும். அழித்து அழித்து அடிக்க வேண்டாம்.

நகரி அச்சுக்கடை:
தம்பி, வந்துவிட்டது! பெயர் மாற்றியதும் படம் ஒரு குதி குதித்து உள்ளே அடங்கியது. ஸ்டார்ட் பட்டனைப் பார்த்து ஒரு வாரம் ஆகிறது.

ஆனால் ஒரு குறை. ஓரம் வந்தது, எழுத்து இன்னும் பனி மூடிய மாதிரி இருக்கிறது. தமிழில் புள்ளி வைத்த எழுத்தும் வைக்காத எழுத்தும் ஒன்றாகத் தெரிகிறது. தெலுங்கில் எழுத்தின் தலைமேல் வரும் தலகட்டு பாதி கரைந்திருக்கிறது. பத்திரிகையில் ஒரு புள்ளி விட்டுப்போனால் மாப்பிள்ளை பெயரே மாறிப்போகும்.

புத்தூர் பழைய மெக்கானிக்:
டிவிக்குப் பின்னால் ஸ்டிக்கரிலோ வாங்கின பெட்டியிலோ எச்டி ரெடி என்று இருக்கிறதா, ஃபுல் எச்டி என்று இருக்கிறதா?

நகரி அச்சுக்கடை:
எச்டி ரெடி. 1366 x 768 என்று போட்டிருக்கிறது அண்ணா.

புத்தூர் பழைய மெக்கானிக்:
அப்படியா, சரி. கண்ணாடியில் உள்ள புள்ளியே அவ்வளவுதான் அம்மா. 1920 அனுப்பினால் வாங்கிக்கொள்ளும், ஆனால் 1366-க்குள் நசுக்கித்தான் காட்டும். எது சரி என்று விண்டோஸுக்குச் சொல்வதும் அந்த டிவிதான், அதனால்தான் பக்கத்தில் அப்படிப் போட்டிருக்கிறது. அதை நம்பாமல் 1366 x 768 வையுங்கள். பட்டியலில் இல்லை என்றால் அட்வான்ஸ்டு டிஸ்பிளே, டிஸ்பிளே அடாப்டர் பிராப்பர்ட்டீஸ், லிஸ்ட் ஆல் மோட்ஸ் என்று போய்த் தேடுங்கள். 1360 என்று ஒன்று இருந்தாலும் பரவாயில்லை.

நகரி அச்சுக்கடை:
1366 கிடைத்தது. புள்ளி புள்ளியாகவே நிற்கிறது, தலகட்டும் தனியாகத் தெரிகிறது. பேஜில் முன்னைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் அடங்குகிறது, ஆனால் படிக்க முடிகிறது. கார்டு வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம்தான் கொஞ்சம் சுருங்கியது. தம்பிக்கும் அண்ணனுக்கும் ரொம்ப நன்றி.

ஏகாம்பரகுப்பம் தறி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் நூல் கணக்கு எழுதும் கம்ப்யூட்டரில் பழைய சதுர மானிட்டர், நீல நிற விஜிஏ ஒயர். இடது பக்கம் மட்டும் ஒரு விரல் அகலம் உள்ளே போய்விட்டது, வலது பக்கம் கறுப்பாக இருக்கிறது. டிவி இல்லை என்பதால் பிசி என்று பெயர் வைக்க இடமே இல்லை.

திருத்தணி ஹார்டுவேர்:
உங்களுடையது வேறு அண்ணா. பெரிதாகவில்லை, நகர்ந்திருக்கிறது. மானிட்டரின் கீழ் விளிம்பில் ஆட்டோ என்று ஒரு பட்டன் இருக்கும், அல்லது மெனுவுக்குள் ஆட்டோ அட்ஜஸ்ட். அதை அழுத்துவதற்கு முன் திரை முழுக்க வெள்ளையாக ஏதாவது திறந்து வையுங்கள், கறுப்புத் திரையில் அழுத்தினால் அதற்கு ஓரம் எங்கே என்று தெரியாமல் இன்னும் தப்பாக நிறுத்தும். அப்படியும் வராவிட்டால் எச் பொசிஷன் என்பதைக் கையால் நகர்த்துங்கள்.

ஏகாம்பரகுப்பம் தறி:
கணக்கு ஷீட்டை முழுத்திரையில் திறந்து ஆட்டோ அழுத்தினேன். இரண்டு நொடி ஆடிவிட்டு இடத்தில் வந்து உட்கார்ந்தது. இவ்வளவு நாளாக அந்தப் பட்டனை மானிட்டரை அணைக்கிற பட்டன் என்று நினைத்துத் தொடாமலே இருந்தோம்.