சமமாக விழுந்தால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டா?

குழித்துறையான்:
தக்கலைப் பக்கம் எங்கள் வாசகசாலை, 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. முன்னறையை ஒரு பேக்கரிக்கு வாடகைக்கு விடலாமா என்று பொதுக்குழுவில் கை தூக்கச் சொன்னார்கள். வந்திருந்தவர்கள் 31 பேர். ஆதரவு 14, எதிர்ப்பு 14, மூன்று பேர் கை தூக்கவில்லை. ஆதரவுக் கைகளில் தலைவருடையதும் ஒன்று. பிறகு அவரே, “சமமாகிவிட்டது, தலைவர் என்ற முறையில் எனக்கு இன்னொரு வாக்கு உண்டு” என்று அறிவித்தார். மினிட்ஸ் புத்தகத்தில் 14 அடிக்கப்பட்டு, மேலே வேறு மையில் 15 என்று ஏறியிருக்கிறது. இது செல்லுமா?

வடசேரி அண்ணாச்சி:
தாராளமாகச் செல்லும். சட்டமன்றத்தில் பேரவைத் தலைவருக்கே அந்த உரிமை உண்டு. வாசகசாலைத் தலைவருக்கு மட்டும் கிடையாதா?

இரணியல் வாசகன்:
சட்டமன்றத்தை இழுத்தது நல்லதாகப் போயிற்று. அரசியலமைப்பின் 189ஆம் பிரிவின்படி பேரவைத் தலைவர் முதலில் வாக்களிக்கவே கூடாது; சமமானால் மட்டுமே வாக்களிப்பார். ஆக, அவருக்கும் ஒரே வாக்குதான். 1876இல் வெளிவந்த, கூட்டம் நடத்தும் முறைகளைச் சொல்லும் அமெரிக்க நூலான ராபர்ட் விதிகளின்படி, சமமாக விழுந்தால் தீர்மானம் தோற்றது. அதில் தலைவர் இருமுறை வாக்களிக்க வழியே இல்லை.

வடசேரி அண்ணாச்சி:
அமெரிக்கக்காரன் எழுதியது தக்கலைக்கு எதற்கு? 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் மாதிரி விதிகளில் இயக்குநர் குழுத் தலைவருக்கு இரண்டாவது வாக்கு தெளிவாக இருக்கிறது.

இரணியல் வாசகன்:
இருக்கிறது, எழுதி வைத்திருப்பதால் இருக்கிறது. இவர்கள் சங்கத்தின் துணைவிதியில் அப்படி ஒரு வரி இருந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். இல்லையென்றால் பதவியோடு தானாக ஒட்டிக்கொண்டு வரும் சலுகை அல்ல அது.

முட்டம் கடலோரன்:
கை தூக்காத மூவரை யாரும் கண்டுகொள்ளவில்லையே. மௌனம் சம்மதம் என்று கணக்கு வைத்தால் ஆதரவு 17 ஆகிறது!

இரணியல் வாசகன்:
கல்யாணப் பேச்சுக்கு அது பொருந்தும்; வாக்கெடுப்புக்குப் பொருந்தாது. ஆனால் அந்த மூவர் இந்த வழக்கையே புரட்டிப் போடலாம். “வாக்களித்தோரில் பெரும்பான்மை” என்று துணைவிதி சொன்னால் அவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். 14க்கு 14 என்று நிற்கும். “வந்திருப்போரில் பெரும்பான்மை” என்று சொன்னால் 31இல் 16 வேண்டும். அப்போது தலைவர் இரண்டாவது வாக்கைப் போட்டாலும் 15தான். குழித்துறையான், அந்த வரியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

குழித்துறையான்:
செயலாளரிடம் நகல் வாங்கிப் பார்த்தேன். “வந்திருக்கும் உறுப்பினர்களில் பெரும்பான்மையோர்” என்று இருக்கிறது. தலைவரின் இரண்டாவது வாக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இன்னொன்று: கூட்ட அறிவிப்பில் பேக்கரி என்ற பேச்சே கிடையாது. “தலைவர் அனுமதியுடன் பிற பொருள்கள்” என்ற கடைசி வரியில்தான் இது வந்தது.

முட்டம் கடலோரன்:
எந்தச் சங்கத்திலும் யானை நுழைகிற வாசல் அந்தக் கடைசி வரிதான்.

வடசேரி அண்ணாச்சி:
இத்தனை ஓட்டை தெரிந்தவர் அங்கேயே எழுந்து ஒழுங்குப் பிரச்சினை கிளப்பியிருக்க வேண்டும். நடைமுறைக் குறையை நடக்கும்போதே சொல்லவேண்டும் என்று உங்கள் ராபர்ட்டும் சொல்கிறாரே, தம்பி! நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. ஆடியிலும் ஒழுகும், ஐப்பசியிலும் ஒழுகும். வாடகை வராமல் ஓடு மாற்றுவது யார்? எதிர்த்துக் கை தூக்கியவர்கள் சந்தாவாவது ஒழுங்காகக் கட்டுகிறார்களா?

இரணியல் வாசகன்:
ஓடு ஒழுகுவதில் எனக்கும் கவலைதான், அண்ணாச்சி. ஆனால் அங்கேயே சொல்லவேண்டும் என்பது சாதாரணக் குறைகளுக்கு. துணைவிதிக்கே முரணான முடிவுக்கு எப்போது வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுப்பலாம் என்பதும் அதே ராபர்ட்தான். பேக்கரிக்காரர் முன்பணம் கொடுத்து அடுப்பும் போட்டபிறகு யாராவது வழக்குப் போட்டால், வருகிற வாடகை வக்கீலுக்குப் போகும்.

குழித்துறையான், அடுத்த கூட்டத்தில் மினிட்ஸை வாசித்து உறுதி செய்யும்போதே 15ஐத் திருத்தக் கேளுங்கள். பேக்கரியைத் தனிப்பொருளாக அறிவிப்பில் போட்டு, வாடகைத் தொகையும் காலமும் எழுதி, மறுபடி வாக்கெடுக்கட்டும்.

வடசேரி அண்ணாச்சி:
எடுக்கட்டும். இந்த முறை அந்த மூவரும் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு உட்காராமல் இருந்தால் சரி.