வெள்ளித் தாயத்துக்குள் செப்புச் சுருள்: யார் எழுதியது, எந்தக் காலம்?

பொருநைக்கரை:
அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வீட்டுப் பழைய மரப்பெட்டியில் கிடந்த வெள்ளித் தாயத்து. நீளம் 45 மி.மீ., குறுக்களவு 9 மி.மீ., சுருளோடு எடை 14 கிராம். மேலே மூன்று வளையம். ஒரு மூடி பற்ற வைத்தது. மறு மூடிக்கு அரக்கு. அது உதிர்ந்து மூடி தானாகக் கழன்றுவிட்டது. சாய்த்ததும் செப்புத் தகட்டுச் சுருளும் கொஞ்சம் செந்தூளும் வந்தன. சுருளை விரிக்கவில்லை. வெளிப்பக்கம் எழுத்து புடைத்திருக்கிறது. போட்டோவை இடவலமாகத் திருப்பினால் ஒரு வரிசையில் மூன்று கட்டம், அவற்றில் யஉ, எ, யச. மற்ற இடமெல்லாம் பச்சைக் களிம்பு. அர்த்தமில்லாத எழுத்தாக இருப்பதால் மலையாள மாந்திரீகம் என்கிறார் ஒருவர். வெளிக்குழாயை, அதாவது குப்பியைப் பார்த்த நகைக்கடைக்காரர் பாய்மார் தாயத்து என்கிறார். எதை நம்ப? விரித்துப் பார்க்கலாமா?

ஏட்டெழுத்து:
அண்ணாச்சி, அது எழுத்தே இல்லை, எண். தமிழ் எண்ணில் ௧ பார்க்க க மாதிரி, ௨ உ மாதிரி, ௪ ச மாதிரி, ௫ ரு மாதிரி, ௭ எ மாதிரி, ௮ அ மாதிரி, பத்துக்கான ௰ அப்படியே ய மாதிரி. யஉ என்றால் 12, எ 7, யச 14. கூட்டிப் பாருங்கள், 33.

ஒன்பது கட்ட எந்திரத்தில் (தகட்டில் எழுதும் மந்திரக் கட்டம்) முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கூட்டுத்தொகைதான். நவக்கிரக எந்திரங்கள் சூரியனுக்கு 15இல் தொடங்கி மூன்று மூன்றாக ஏறும்: சந்திரன் 18, செவ்வாய் 21, புதன் 24, வியாழன் 27, சுக்கிரன் 30, சனி 33, ராகு 36, கேது 39. உங்களிடம் இருப்பது சனி எந்திரம். முழு அடைப்பு இப்படி வர வேண்டும்:

௰௨ – ௭ – ௰௪
௰௩ – ௰௧ – ௯
௮ – ௰௫ – ௰

நெடுக்கே, குறுக்கே, மூலைக்கு மூலை எப்படிக் கூட்டினாலும் 33. நடுக் கட்டம் எப்போதும் கூட்டுத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு. தகடு சிதைந்து நடு எண் மட்டும் மிஞ்சினாலும் மூன்றால் பெருக்கினால் போதும்.

15 வந்திருந்தால்தான் சிக்கல். அரபு முறையிலும் அதே கட்டம் உண்டு. மூலைகளில் நிற்கும் 2, 4, 6, 8ஐ அரபெழுத்தாக்கினால் ‘புதூஹ்’. அங்கே எண்ணின் வடிவத்தையும் சுற்றியுள்ள எழுத்தையும் வைத்துத்தான் பிரிக்க முடியும். 66, 786 என்ற தொகை வந்தால் அப்ஜத் கணக்கு, அதாவது ஒவ்வொரு அரபெழுத்துக்கும் ஓர் எண் வைத்துக் கூட்டுவது. பள்ளிவாசல் பக்கத்துக் கை.

மலையாளம் என்று சொல்ல மலையாள எழுத்து இருக்க வேண்டும். செங்கோட்டை 1956 வரை மலையாளச் சீமையோடு இருந்த ஊர், அந்தப் பக்கத்துத் தகடுகளில் அது கலந்து வரலாம். உங்கள் மூன்று கட்டத்தில் இருப்பது சுத்தமான தமிழ் எண்.

ஆனால் ௰ போட்டிருப்பதை வைத்து ‘முன்னூறு வருஷம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ௧௨ என்று இட மதிப்பில் எழுதுவது பின்னால் வந்த பழக்கம் என்பது சரி. பழைய முறையில் கணக்குப் படித்தவர்கள் 20ஆம் நூற்றாண்டிலும் ௰ போட்டே எழுதினார்கள்.

பற்றாசு:
குப்பியை வைத்து மதம் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆசாரி எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் அடித்துக் கொடுப்பார். உள்ளே போவதை எழுதுகிறவர் வேறு ஆள். பொட்டல்புதூர் தர்காவுக்குப் போய்த் தாயத்து வாங்கிக் கட்டுகிற இந்துக்கள் எத்தனையோ பேர். போதாததற்கு, குப்பி நசுங்கினால் தகட்டை மட்டும் புதுக் குப்பிக்கு மாற்றுவதும் உண்டு. இரண்டுக்கும் தனித்தனியாகக் காலம் பாருங்கள்.

பத்து மடங்கு லென்ஸில் குப்பியின் நீளவாட்டு ஒட்டைத் தேடுங்கள். வெங்காரம் வைத்து ஊதுகுழலில் ஊதிய ஒட்டு லேசாக மஞ்சளோடி, அங்கங்கே வழிந்திருக்கும். ஒட்டே இல்லாத குழாய் என்றால் மெஷினில் இழுத்தது. சாம்பல் நிறத்தில், ஊசியால் கீறினால் கோடு விழுகிற ஒட்டு ஈயப்பற்று, பிற்காலப் பழுது. அடுத்து வளையங்களின் உள்பக்கம். உடம்பில் கிடந்த தாயத்து என்றால் கயிறு உரசும் மேல்விளிம்பு தேய்ந்து மெலிந்திருக்கும், குப்பியின் முதுகும் வழவழத்திருக்கும். வளையம் கூர்மையாக இருந்து குப்பி மட்டும் கறுத்திருந்தால் கந்தகம் காட்டிக் கறுப்பாக்கிய சரக்கோ என்று சந்தேகப்படுங்கள்.

தகட்டில் விளிம்பைப் பாருங்கள். சுத்தியால் தட்டியது கனம் ஏறி இறங்கும். உருளையில் ஓட்டியது ஒரே கனம். எழுத்தாணியால் எழுதினால் ஒவ்வொரு கோடும் தொடங்குமிடத்தில் ஆழம், முடியுமிடத்தில் மெலிவு. எல்லாக் கோடும் ஒரே ஆழத்தில் இருந்தால் அச்சில் அடித்த கடைத்தகடு.

களிம்பு:
விரிக்க வேண்டாம். பழைய செம்பு மடிப்பில் உள்ளுக்குள்ளே அரித்திருக்கும், கொறடால் பிடித்து இழுத்தால் மடிப்புக்கு மடிப்பு ஒடியும். இளக்குவதற்கு நெருப்பில் காட்டினால் களிம்போடு எழுத்தும் போகும். புளி, எலுமிச்சை, பாத்திரப் பொடி எதுவும் படக்கூடாது. எழுத்தாணிக் கீறல் ஆழமில்லாதது, ஒரே துலக்கலில் மழுங்கிவிடும். காய்ந்த மெல்லிய பிரஷ், மூங்கில் சிராய், இவ்வளவு போதும். இருட்டறையில் செல்போன் டார்ச்சை மேசையோடு மேசையாகக் கிடத்தி, சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுங்கள்.

அந்தச் செந்தூள் அரக்காக இருக்கலாம், குங்குமமாக இருக்கலாம், சாதிலிங்கமாகவும் இருக்கலாம். லிங்கம் பாதரசச் சரக்கு. முகராதீர்கள், சூடு காட்டிச் சோதிக்காதீர்கள். கையுறை போட்டுச் சிறு கண்ணாடிக் குப்பியில் தனியாக அடையுங்கள். மஞ்சள் தூள் வந்தால் இன்னும் எச்சரிக்கை, அரிதாரத்தில் பாஷாணம் இருக்கிறது. தகட்டில் வெளிர்பச்சை மாவு தட்டத் தட்டத் திரும்ப வந்தால் உப்பு அரிப்பு. சிலிக்கா ஜெல் பையோடு மூடி வையுங்கள்.

பொருநைக்கரை:
டார்ச் வெளிச்சத்தில் இன்னொரு வரிசை தெரிந்தது: அ, யரு, ய. அதற்குக் கீழே ‘ஓம ரீங’, புள்ளி இல்லை. அப்புறம் சுருளுக்குள் போய்விடுகிறது. குப்பியில் வழிந்த ஒட்டு இருக்கிறது, நடு வளையம் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. தகடு ஒரே கனம்.

ஏட்டெழுத்து:
8, 15, 10. கடைசி வரிசை அதுவேதான், 33. சனி எந்திரம் என்பது உறுதி. புள்ளி வைக்காதது ஓலையில் எழுதிப் பழகிய கை. உருளைத் தகடு என்பதால் ரொம்பப் பின்னோக்கிப் போக வேண்டாம். உருளைத் தகடு கடைக்கு வந்த பிறகு எழுதியது, ஆனால் கையால் எழுதிக் கட்டிப் பயன்பட்டது.

மந்திரத்துக்கு அடுத்து, கட்டிக்கொள்கிறவரின் பெயரும் நட்சத்திரமும் எழுதுவது வழக்கம். சுருளுக்குள் போகிற வரி அதுவாக இருக்கலாம். இசக்கி, சுடலை, பேச்சி என்று ஒரு பெயர் வந்தால் நம்ம சீமையில் எழுதியது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அதற்காகவாவது சுருளை ஒடிக்காமல் வையுங்கள். பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்திலோ தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் துறையிலோ காட்டலாம். போகும்போது தகட்டைத் துடைக்காமல், அடியில் ஸ்கேல் வைத்து எடுத்த படங்களோடு, குப்பி, அரக்குத் துண்டு, தூள் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கொண்டுபோங்கள்.