பெர்லின் ரெசிடென்சி: விசா நாள்கணக்கு, ஆயில் கலர், சுருட்டிய கித்தான்

கித்தான்_மதுரை:
அக்கா, அண்ணன்மாருக்கு வணக்கம். பெர்லினில் மூன்று மாத ஓவிய ரெசிடென்சி (அங்கேயே தங்கி வரையும் வாய்ப்பு) கிடைத்திருக்கிறது. அழைப்புக் கடிதத்தில் ஜனவரி 5 முதல் ஏப்ரல் 5 வரை என்று இருக்கிறது. இதற்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) போதுமா? கடிதத்தில் இனிஷியலோடு என் கலைப்பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக விரிந்திருக்கிறது. நான் ஆயிலில்தான் வரைவேன், 4க்கு 3 அடி. கலர், டர்பன்டைன் கொண்டுபோகலாமா? வரைந்ததைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி?

நாள்காட்டி:
முதல் வேலையாகக் கடிதத்தைத் திருத்தி வாங்குங்கள். ஷெங்கன் குறுகிய கால விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். ஜனவரியில் 27, பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 5: மொத்தம் 91. ஒரே ஒரு நாள் கூடினாலும் நீண்ட கால தேசிய விசாவுக்குப் போகவேண்டிவரும், அதற்கு ஆவணங்களே வேறு. ஏப்ரல் 3 என்று முடித்துக்கொண்டால் விமானம் தாமதமானாலும் ஒரு நாள் கையில் இருக்கும்.

பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுதாக வரட்டும். 'இன்ன கலைப்பெயரில் அறியப்படுபவர்' என்று பக்கத்தில் ஒரு வரி போதும். தங்குமிடம், உதவித்தொகை, விமானக் கட்டணம் எது யார் பொறுப்பு என்பதும் அதே கடிதத்தில் இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட்டைத்தான் துருவுவார்கள். பயண மருத்துவ இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

ஆளிவிதை:
டர்பன்டைன், டாமர் வார்னிஷ் (படத்தின் மேல் பூசும் பிசின் பூச்சு), ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரே (கரி, பென்சில் கோடு கலையாமல் அடிப்பது) எதையும் எடுத்துப்போகாதீர்கள் தம்பி. எளிதில் தீப்பற்றுபவை, கேபினிலும் கூடாது, செக்-இன்னிலும் கூடாது. அங்கே மோரிட்ஸ்பிளாட்ஸில் மாடுலர் என்ற ஓவியப்பொருள் கடையில் எல்லாம் கிடைக்கும்.

ஆயில் ட்யூப் செக்-இன்னில் போகும். தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தரவுத் தாளை அச்செடுத்து ட்யூப்களோடு வையுங்கள். அதில் ஃப்ளாஷ் பாயின்ட் (ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை) 61 டிகிரி செல்சியஸுக்கு மேல் என்று இருக்கவேண்டும். விமான நிலையத்தில் கேட்டால் 'பெயிண்ட்' என்று சொல்லவேண்டாம், உடனே எனாமல் டப்பா நினைவுதான் வரும். 'ஆர்ட்டிஸ்ட் கலர், தாவர எண்ணெயில் அரைத்தது' என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான்.

திரும்பி வரும்போது 15 செ.மீ. விட்டமுள்ள அட்டைக் குழாய் வேண்டும். தரைவிரிப்புக் கடையில் கேட்டுப்பாருங்கள். வண்ணப்பக்கம் வெளியே தெரியும்படி சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணப்படலம் நெருக்குண்டு மடிப்பு விழும், சில இடங்களில் கித்தானை விட்டே எழும்பிவிடும். இடையில் வண்ணம் ஒட்டாத சிலிக்கோன் ரிலீஸ் பேப்பர் வையுங்கள். பபிள் ராப் நேராகப் படவே கூடாது, குமிழ் குமிழாகத் தடம் பதியும். 3 அடிப் பக்கம் குழாயின் நீளவாக்கில் வந்தால் வெளியுறையோடு 100 செ.மீ. நீளம், 20 செ.மீ. விட்டம்; நீளம், அகலம், உயரம் கூட்டினால் 100+20+20 = 140. பல விமான நிறுவனங்களின் 158 செ.மீ. வரம்புக்குள் அடங்கிவிடும்.

கித்தான்_மதுரை:
நன்றி அக்கா. கடைசி வாரத்தில் முடிக்கும் படங்கள் காயாதே?

ஆளிவிதை:
காயாது. அம்பர் என்ற பழுப்பு வண்ணம் ஓரிரு நாளில் கையில் ஒட்டாமல் ஆகிவிடும். ஐவரி பிளாக், காட்மியம் சிவப்பு ஒரு வாரம் தாண்டும், தடிப்பாகப் பூசினால் மாதக்கணக்கு. அதனால் மார்ச் நடுவில் ஆயிலை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு தொடங்குவதை முழுக்க, சீக்கிரம் காயும் அக்ரிலிக்கில் செய்யுங்கள், இல்லையென்றால் காகிதத்தில். அக்ரிலிக் மேல் ஆயில் நிற்கும். ஆயில் மேல் அக்ரிலிக் உரிந்துவிடும். குளிரில் அக்ரிலிக் விறைத்துப்போகும், அப்போது வளைத்தால் விரிசல்தான். ஊர் வந்ததும் குழாயை ஒரு நாள் அறையில் வைத்திருந்து பிறகு பிரியுங்கள்.

எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும், குவியலாகக் கிடந்தால் தானே தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

பகல்வெளிச்சம்:
ஜனவரித் தொடக்கத்தில் அங்கே பகல் 8 மணி நேரம்கூட இருக்காது. ஸ்டூடியோவில் 5000 கெல்வின் (பகல்வெளிச்சம் போன்ற வெள்ளை), சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90க்கு மேலான விளக்கு உண்டா என்று இப்போதே மெயில் போடுங்கள். மஞ்சள் பல்பில் கலந்த வண்ணம் பகலில் நீலம் தூக்கித் தெரியும். நம்மூர் மூன்று பின் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் ஒன்று எடுத்துவையுங்கள்.