உதவி தேவை: கலிபோர்னியக் கரையில் கண்ட பீங்கான் நண்டு எந்த இனம், அதன் வாழிடம் எது?

கேள்வி (நுரைக்கரை):
வணக்கம். கலிபோர்னியாவின் நடுப்பகுதியில் உள்ள பாறைக் கரையில், கடல் நன்றாக வற்றியிருந்த நேரத்தில் எடுத்த மூன்று படங்களை வைத்துக்கொண்டு ஒரு சிறு நண்டின் பெயரைக் கண்டறிய முயல்கிறேன். உடல் தட்டையானது, முதுகு ஓடு ஏறத்தாழ 1.5 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். நிறம் பழுப்பும் கருஞ்சிவப்பும் கலந்தது. கொடுக்குகள் அந்தச் சிறிய உடலுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியவை. கொடுக்குகளைத் தவிர்த்தால் மூன்று இணைக் கால்களே தெரிகின்றன. ஓரிணை உடைந்துபோயிற்றோ என்று முதலில் எண்ணினேன். ஆனால் மூன்று படங்களிலும் அப்படியே இருக்கிறது. நிறத்தை மட்டும் பார்த்துப் பெட்ரோலிஸ்தஸ் சிங்க்டிபெஸ் என்னும் பீங்கான் நண்டு என்று குறித்து வைத்துள்ளேன். இது சரியா? கரையில் எந்த மட்டத்தில் இது வாழும் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி (அலைவாய்):
கால்கள் உடையவில்லை. பீங்கான் நண்டுகளுக்கு ஐந்தாம் இணைக் கால்கள் மிகச் சிறியவை. அவை முதுகு ஓட்டின் பின்புறம் மடிந்து ஒட்டிக்கொண்டிருப்பதால் மேலிருந்து எடுத்த படத்தில் தெரிவதில்லை. கண்களுக்கு வெளிப்புறத்திலிருந்து நீண்ட உணர்கொம்புகள் புறப்படுகின்றனவா என்று பாருங்கள். அப்படி இருந்தால் இது உண்மையான நண்டு வகையைச் சேர்ந்ததன்று, துறவி நண்டுகளுக்கு நெருங்கிய உறவான குடும்பம் என்பது உறுதியாகிவிடும். உருவம் நண்டைப் போல மாறியிருந்தாலும், வயிற்றடியில் மடித்து வைத்திருக்கும் வாலைப் படபடவென்று அடித்துச் சிறிது தூரம் நீந்தும் பழக்கம் இவற்றிடம் இன்னும் இருக்கிறது. எதிரி பிடித்தால் காலையோ கொடுக்கையோ எளிதில் கழற்றிவிட்டு ஓடிவிடுவதால்தான் இவை பீங்கான் என்று பெயர் பெற்றன. ஆகவே சில நேரங்களில் கால் உண்மையிலேயே குறைவதும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

மறுமொழி (கல்லடி):
நிறத்தை நம்பிப் பெயரிட்டதில்தான் சிக்கல் இருக்கிறது. அந்தக் கரையில் பெட்ரோலிஸ்தஸ் சிங்க்டிபெஸ், பெட்ரோலிஸ்தஸ் எரியோமெரஸ் என்று மிக ஒத்த இரண்டு இனங்கள் உண்டு. முன்னதற்கு 1840இல் ராண்டலும், பின்னதற்கு 1871இல் ஸ்டிம்ப்சனும் பெயரிட்டனர். முதுகு ஓட்டின் நிறம் இரண்டிலும் பழுப்பாகவோ சிவந்தோ இருக்கலாம். அதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

கொடுக்கின் அசையும் விரல் பொருந்தும் மூட்டை உற்றுப் பாருங்கள். அங்கே சிவந்த புள்ளி இருந்து, வாயருகே உள்ள தாடைக்கால்களும் சிவந்திருந்தால் அது சிங்க்டிபெஸ். இரண்டு இடங்களிலும் பளிச்சென்ற நீலம் தெரிந்தால் எரியோமெரஸ். அந்தத் தாடைக்கால்களில்தான் இறகு போன்ற தூவிகள் இருக்கின்றன. நண்டு அவற்றை வலைபோல வீசி, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை அள்ளி உண்கிறது. அவ்வளவு பெரிய கொடுக்குகள் இரை பிடிக்க அல்ல, இடத்துக்காக ஒன்றையொன்று தள்ளிச் சண்டையிடவே பெரிதும் பயன்படுகின்றன.

கொடுக்குகள் ஒன்றுக்கொன்று அளவில் வேறுபட்டு, மேற்பரப்பு கரடுமுரடாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். அப்போது பாக்கிகெலிஸ் ரூடிஸ் என்னும் வேறு பீங்கான் நண்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

கேட்டவர் (நுரைக்கரை):
நன்றி. கொடுக்குகள் வழவழப்பானவை, அளவிலும் ஒத்தவை. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது வியப்பாக இருந்தது: முதல் படத்தில் புள்ளி சிவப்பு, இரண்டாவதில் நீலம். மூன்றாவதில் கொடுக்கின் நுனி கல்லின் நிழலில் மறைந்துள்ளது. ஒரே நண்டு என்று நான் எண்ணியது இரண்டு இனங்களாக இருக்குமோ?

மறுமொழி (கல்லடி):
அப்படித்தான் தோன்றுகிறது. ஒவ்வொரு படமும் கரையின் எந்த மட்டத்தில் எடுக்கப்பட்டது?

கேட்டவர் (நுரைக்கரை):
முதலாவது, நீரிலிருந்து மிக மேலே, மஸ்ஸல் சிப்பிகள் நெருக்கமாகப் படிந்திருந்த பாறையின் இடுக்கில். அங்கே பல நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டியிருந்தன. இரண்டாவதும் மூன்றாவதும், கடல் மிகவும் வற்றியபோது மட்டும் வெளிப்படும் கற்களுக்கு அடியில்.

மறுமொழி (கல்லடி):
வாழிடமும் புள்ளியின் நிறமும் ஒரே விடையைத் தருகின்றன. சிங்க்டிபெஸ் நடு மட்டத்திலும் அதற்கு மேலும், கற்களின் அடியிலும் சிப்பிக் கூட்டத்தின் நடுவிலும் திரளாக வாழ்கிறது. அதன் இளம் உயிர்கள் கரையேறும்போது வளர்ந்த நண்டுகள் இருக்கும் இடத்தையே நாடுவதால்தான் அந்த நெருக்கம். எரியோமெரஸ் கீழ்மட்டத்திலும், எப்போதும் நீர் நிற்கும் ஆழங்குறைந்த பகுதியிலும் இருக்கிறது. மேல்மட்டத்தில் கடல் இறங்கியபின் கல்லும் அதன் அடியும் வெயிலில் சூடேறுவதால், சிங்க்டிபெஸ் மற்றதைவிட ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பத்தைத் தாங்குவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. காற்றில் கிடக்கும்போது மூச்சுவிட உதவும் மெல்லிய சவ்வு அதன் நடைகால்களின் அடிப்புறத்தில் உண்டு. எரியோமெரஸுக்கு அது இல்லை. நடைகாலை அடியிலிருந்து படமெடுத்திருந்தால் அதுவே நல்ல சான்றாகும்.

மூன்றாம் படத்துக்குக் கொடுக்கின் நடுக்கணுவை, அதாவது கிள்ளும் பகுதியை அடுத்து உடல் பக்கமாக உள்ள கணுவைப் பாருங்கள். அதன் இரு விளிம்புகளும் இணையாகச் சென்று, நீளம் அகலத்தைப்போல் இரு மடங்கு இருந்தால் எரியோமெரஸ். நீளம் ஒன்றரை மடங்கே இருந்து, விளிம்புகள் நுனியை நோக்கிக் குறுகினால் சிங்க்டிபெஸ்.

மறுமொழி (அலைவாய்):
மட்டத்தை மட்டும் கொண்டு பெயரிடுவதை நான் ஏற்கமாட்டேன். இரு இனங்களின் எல்லைகளும் சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. கணுவை அளந்தபின் எழுதுங்கள்.

கேட்டவர் (நுரைக்கரை):
அளந்தேன். விளிம்புகள் இணையாகவே செல்கின்றன. நீளம் அகலத்தைவிட இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. முதல் படத்தைச் சிங்க்டிபெஸ் என்றும், மற்ற இரண்டையும் எரியோமெரஸ் என்றும் திருத்தி, ஒவ்வொன்றின் அருகிலும் எடுத்த மட்டத்தைக் குறித்துள்ளேன்.