ஜிப்சி எம்.ஜி.410: பெட்ரோல் ஃபில்டரை இடம் மாற்றிய பின் மலையேற்றத்தில் எஞ்சின் நின்றுவிடுகிறது

கோத்தகிரி ஜிப்சி:
என்னிடம் உள்ளது 1993-ஆம் ஆண்டு மாருதி ஜிப்சி எம்.ஜி.410 ஜீப், 970 சிசி, கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கருவி) உள்ள எஞ்சின். பின்பக்கம் டேங்குக்கு அருகே சேஸிஸில் இருந்த பெட்ரோல் ஃபில்டரின் பிடிமானம் தோட்டத்து மண்பாதைகளில் கல் அடித்து ஒடிந்துபோனது. பட்டறையில் அதை நீக்கிவிட்டு, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஃபில்டர் ஒன்றை எஞ்சின் அறையில், பம்புக்குச் சற்று முன்னால் பொருத்திக் கொடுத்தார்கள். அதன் பிறகு மேட்டுப்பாளையத்திலிருந்து நண்பகல் வெயிலில் ஏறும்போது எஞ்சின் திணறி நின்றுவிடுகிறது. பானெட்டைத் திறந்து ஆறவிட்டால் மீண்டும் கிளம்புகிறது. காலையில் இந்தத் தொல்லை இல்லை. ஃபில்டரும் எப்போதும் பாதிதான் நிரம்பியிருக்கிறது. பம்பை மாற்றச் சொல்கிறார்கள். செலவு செய்வதற்கு முன் அறிந்தவர்களின் கருத்தை வேண்டுகிறேன்.

சேற்றுப்பாதை:
எஞ்சின் நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்றை உள்ளிழுக்கும் ஓசை கேட்டால் டேங்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் ஃபில்டருக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பழைய கார்புரேட்டர்:
ஃபில்டர் பாதி நிரம்பியிருப்பதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். வடிதாள் நனைந்து பெட்ரோல் ஓடிக்கொண்டிருந்தால் போதும். எனக்கு ஐயம் வெப்பத்தின் மீதுதான். இந்த எஞ்சினில் பம்ப் முன்னால் இருந்துகொண்டு டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவதால், அங்கே பெட்ரோல் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகத் தொடங்கும். ஆவி நிறைந்த குழாயிலிருந்து பம்பால் போதிய பெட்ரோலை இழுக்க முடியாது. அந்தப் பகுதியிலேயே, எஞ்சின் சூட்டுக்கு நடுவில், ஃபில்டரை வைத்ததால் தொல்லை கூடியிருக்கலாம். அடுத்த முறை நின்றால், சூடான சைலன்சர் குழாய்களில் கை படாமல், பம்பின் மேல் ஈரத்துணியைப் போர்த்திப் பாருங்கள். வழக்கத்தைவிட விரைவில் கிளம்பினால் இது ஆவியடைப்பே, அதாவது பெட்ரோல் ஆவி குழாயை அடைப்பதே.

இன்னொன்றையும் தயவுசெய்து கவனியுங்கள்: பம்பில் மூன்று குழாய்கள் இருக்க வேண்டும். ஒன்று டேங்கிலிருந்து வருவது, ஒன்று கார்புரேட்டருக்குப் போவது, மூன்றாவது டேங்குக்குத் திரும்புவது. மிகுதிப் பெட்ரோலையும் ஆவியையும் கொண்டுபோவது அந்தத் திரும்பு குழாய்தான்.

கோத்தகிரி ஜிப்சி:
மிக்க நன்றி ஐயா. மூடியைத் திறந்தபோது ஓசை எதுவும் இல்லை. ஈரத்துணி போட்டதும் சிறிது நேரத்தில் கிளம்பியது. திரும்பு குழாயைக் கழற்றி, அதன் வாயை ஒரு போல்ட்டைச் செருகி அடைத்திருக்கிறார்கள்! இனி ஃபில்டரை எங்கே வைப்பது நல்லது?

பழைய கார்புரேட்டர்:
முதலில் திரும்பு குழாயை மீண்டும் இணையுங்கள். பம்பை இப்போது மாற்ற வேண்டாம். ஃபில்டரைப் பின்பக்கமே கொண்டுபோய், பழைய இடத்தைவிடச் சற்று உயரமாக, சேஸிஸின் உட்புறம் சக்கரம் வாரியிறைக்கும் கல் படாதபடி பொருத்தி, கீழே ஒரு தகட்டைக் காப்பாக அமையுங்கள். சைலன்சரிலிருந்து அது நன்றாக விலகியிருக்க வேண்டும். ஃபில்டர் மேலுள்ள அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கட்டும். பழைய ரப்பர் குழாய்களை மீண்டும் போடாதீர்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இளக்கிவிடும் என்பதால், எத்தனால் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். உறிஞ்சும் பக்கத்தில் கிளிப் தளர்ந்தால் பெட்ரோல் சொட்டாமலேயே காற்று உள்ளே போகும் என்பதால், ஈரம் இல்லை என்று எந்த இணைப்பையும் நம்பிவிட வேண்டாம். எஞ்சின் குளிர்ந்த பின், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் வேலை செய்யுங்கள்.

சேற்றுப்பாதை:
என்னுடையது எம்.பி.எஃப்.ஐ. ஜிப்சி (கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர்கள் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை). இதே பிளாஸ்டிக் ஃபில்டரைப் போடலாமா?

பழைய கார்புரேட்டர்:
கூடவே கூடாது. உங்கள் வண்டியில் பம்ப் டேங்குக்குள் இருந்து, கார்புரேட்டர் வண்டியைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. அந்த பிளாஸ்டிக் கூடு வெடித்தால் தீப்பற்றும். உங்கள் மாடலுக்கு உரிய உயர் அழுத்த ஃபில்டரையும், அதே அழுத்தம் தாங்கும் குழாயையும் கிளிப்பையும் மட்டுமே பயன்படுத்துங்கள்.

கோத்தகிரி ஜிப்சி:
திரும்பு குழாயை இணைத்து, ஃபில்டரையும் பின்னால் மாற்றியாயிற்று. நேற்று நண்பகலில் மேட்டுப்பாளையத்திலிருந்து நிற்காமல் ஏறி வந்தேன். பம்ப் பழையதே.