மேலே தீ, கீழே மீன்: ஒரு சொல் வேண்டும்

அனுப்புநர்: தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வரும் சனிக்கிழமை தோட்டத்துத் தாய்மார்களுக்குச் சமையல் வகுப்பு ஒன்றை நடத்துகிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை) வீடுகளில் அந்நோய் இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆகவே, பொரித்த மீனுக்கு மாற்றாக, சியாகாப் (கொடுவா மீன்) துண்டுகளை லீமாவ் கஸ்தூரி என்னும் சிறு எலுமிச்சையின் சாற்றிலும் மஞ்சளிலும் கால் மணி நேரம் ஊறவைத்து, மேசை ஓவனின் மேற்கம்பி வெப்பத்தில் பத்து நிமிடத்தில் சமைத்துக் காட்டவிருக்கிறோம்.

செய்முறைத்தாள் வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மலாய் மூலத்தில் உள்ள 'பங்காங்' என்னும் சொல் கரியடுப்பில் சுடுவதற்கும் பொருந்தும். முதல் வரைவில் 'சுடவும்' என்று மட்டும் எழுதியிருந்தோம். அதைப் படித்த ஓர் அம்மா, ஈக்கான் பாக்காருக்கு (மலாய் முறையில் சுட்ட மீனுக்கு) செய்வதுபோல் மீனை வாழையிலையில் பொதிந்து ஓவனுக்குள் வைத்தார். இலையின் மேற்புறம் கருகியது. உள்ளே மீன் நிறம் பிடிக்காமல் வெளிறிக் கிடந்தது. தீ மேலே இருக்கிறது என்பதைச் சொல்லிலேயே உணர்த்த வழியுண்டா?

அனுப்புநர்: ஓய்வுபெற்ற விரிவுரையாளர், ஈப்போ

ஆசிரியை அவர்களுக்கு, புதுச்சொல் படைக்கும் தேவையே இல்லை. கெடு 'கேடு' ஆவதும் பெறு 'பேறு' ஆவதும் போலச் சுடு என்பது 'சூடு' ஆகும். அம்முதனிலை திரிந்த தொழிற்பெயர், சுடப்பட்ட பொருளுக்கே ஆகிவருவதைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகிறது. எயிற்பட்டினத்துப் பரதவர் விருந்தில் பாணர் பெறுவது 'வறற்குழற் சூடு', அதாவது உலர்ந்த குழல்மீனைச் சுட்டது. பொருநராற்றுப்படையின் 'காழிற் சுட்ட கோழூன்' இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சி. சுடுவதற்கு இத்தனை வளமான வழக்கிருக்க, உணவுக்கு 'மீன்சூடு' என்று பெயரிடுவதே முறை. நெருப்பின் இடத்தையும் சுட்ட வேண்டுமாயின் மேல் + தணல் = மேற்றணல்; அல்லது, இன்னும் சுருக்கமாக, மேற்றீ. புணர்ச்சி விதி தெளிவாக இருக்கிறது.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், கிள்ளான்

ஐயா, மேற்றீ என்று அச்சிட்டால் அதை மேல் தீ என்று பிரித்தறியப் பள்ளி மாணவருக்கே ஆசிரியர் துணை வேண்டும். செய்முறைத்தாள் அடுப்படியில், ஈரக் கையோடு படிக்கப்படுவது. 'கிரில்' என்று எழுதுங்கள். கடையில் ஓவன் விற்பவரும் அதைத்தான் சொல்கிறார். வடசொல்லை வடவெழுத்து நீக்கி ஏற்கலாம் என்று தொல்காப்பியரே வழிவிட்டிருக்க, தமிழெழுத்தில் இயல்பாக அமையும் ஒரு சொல்லை நாம் ஏன் தள்ள வேண்டும்?

அனுப்புநர்: உணவியலாளர், தைப்பிங்

இருவர் கருத்தையும் மதித்தே மறுக்கிறேன். நம் மக்களிடையே ஓர் உணவைச் 'சூடு' என்றால் அது உடம்புக்குச் சூடு என்றே பொருள்படும். மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி என்று பழகிய ஒருவரிடம் 'மீன்சூடு' என்னும் தாளைக் கொடுத்தால், அவர் அதைத் தொடக்கூட மாட்டார். கிரில் என்பதும் துணை செய்யாது. சாலையோரத்தில் கரிமேல் வலையிட்டுச் சுடுவதும் கிரில்தான், அங்கே தீ கீழே இருக்கிறது.

தீயின் இடம் வெறும் சொல்லாராய்ச்சி அன்று, அதில்தான் செய்முறையே இருக்கிறது. மேற்கம்பி செந்நிறமாகக் கனன்று, மீனைத் தொடாமலே தன் வெப்பத்தை நேரே கீழே வீசுகிறது. அதனால்தான் மீன் வைத்த தட்டை மேற்கம்பிக்குச் சுமார் 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே வைக்கிறோம். அதனால்தான் பேக்கிங் தாளை விரிக்கக் கூடாது, அது தீப்பற்றும். ஊறிய துண்டை எடுத்து அதன் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகே ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவ வேண்டும், ஏனெனில் மேற்பரப்பு ஈரமாக இருந்தால் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், பொன்னிறம் ஏறாது. இரண்டரை சென்டிமீட்டர் தடித்த துண்டுக்கு ஏறத்தாழ பத்து நிமிடம். நடுப்பகுதி 63 பாகை செல்சியசை எட்டி, முட்கரண்டிக்கு இதழ் இதழாகப் பிரிந்தால் போதும். சாற்றில் ஒரு மணி நேரம் ஊறவிடக் கூடாது. புளிப்பே புரதத்தை இறுக்கிவிடும், தீயில் வைக்குமுன்பே சதை வெளுத்துப்போகும். மீதிப் பழத்தை இறக்கிய பிறகு பிழியுங்கள். தோலோடு வட்டமாக அரிந்து மேலே அடுக்கினால் தோல் கருகிக் கசக்கும்.

தொடாமல் தாக்கும் வெப்பத்துக்குத் தமிழில் சொல் இருக்கிறது: அனல். அடுப்புக்கு அருகில் நின்றால் "அனலடிக்குது" என்று சொல்லாத தாய் உண்டா? மேல் + அனல் = மேலனல்; புணர்ந்தாலும் இரு சொல்லும் உருமாறாமல் தெரியும். 'மேலனலில் சுடவும்' என்பது என் பரிந்துரை. 'வாட்டவும்' என்று எவரேனும் முன்மொழியக்கூடும். வாடு என்பதன் பிறவினை வாட்டு, அதில் ஈரம் வற்றும் பொருள் உள்ளுறைகிறது. மீனோ சாறு வற்றாமல் இருக்க வேண்டும்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற விரிவுரையாளர், ஈப்போ

மேலனல் இலக்கணப் பிழையற்றது. ஆயினும் அது நெருப்பைக் குறிக்கிறதே தவிர உணவைக் குறிக்கவில்லை. உணவுப் பட்டியலில் என்ன எழுதுவீர்கள்? 'மேலனலில் சுட்ட எலுமிச்சை மீன்' என்று நான்கு சொல்லா? உடம்புச் சூட்டைக் குறித்து அம்மையார் சொன்னது வலுவான மறுப்பு என்பதை ஏற்கிறேன். அதற்காகச் சங்க வழக்கொன்றைக் கைவிட மனம் ஒப்பவில்லை. 'சுடுமீன்' என்னும் வினைத்தொகையையாவது எண்ணிப்பாருங்கள்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், கிள்ளான்

செய்முறைக்கு மேலனலை ஏற்கிறேன். ஓவன் திருகியின் மேல்கோட்டுக் குறியையும் பக்கத்தில் வரைந்துவிடுங்கள்.

அனுப்புநர்: தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் நன்றி. செய்முறையில் 'மேலனலில் (மேற்கம்பி வெப்பத்தில்) சுடவும். வாழையிலை, பேக்கிங் தாள் வேண்டாம்' என்று அச்சுக்கு அனுப்புகிறேன், குறியும் இருக்கும். தலைப்பில் இப்போதைக்கு 'கஸ்தூரி எலுமிச்சைச் சுடுமீன்' என்று வைத்திருக்கிறேன்.

அனுப்புநர்: உணவியலாளர், தைப்பிங்

சுடுமீன் என்றால் கரியில் சுட்டதென்றே கொள்வார்கள். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.